நூறு வருஷத்துக்கு முன்பு மூடிய ஆற்றுக்கு புதுப் பாதை... டொராண்டோ துறைமுக நிலத்தில் என்ன நடக்கிறது?

கனடாவின் டொராண்டோ நகரில் 2025 ஜூலையில் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. பெயர் பீடாசிகே. அனிஷினாபே பூர்வகுடி மக்களின் மொழியில் 'நம்மை நோக்கி வரும் சூரிய ஒளி' என்று அர்த்தம். ஆந்தை வடிவத்தில் ஒரு பெரிய விளையாட்டு அமைப்பு, ரக்கூன் வடிவத்தில் இன்னொன்று, கயிற்றில் தொங்கிப் பாய்ந்து போகும் ஜிப்லைன், துடுப்புப் படகு இறக்க இடம்.

ஒரு ஊரில் பூங்கா திறப்பதெல்லாம் பெரிய செய்தியா என்று கேட்கலாம். இந்தப் பூங்காவுக்குள் ஓடுகிற ஆறு இருக்கிறதே, அதுதான் செய்தி. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு, பத்து வருடங்களுக்கு முன்பு அங்கே கிடையாது. எண்ணெய் டேங்குகளும் நிலக்கரிக் கிடங்குகளும் இருந்த நிலத்தைத் தோண்டி, மனிதர்கள் வெட்டிய ஆறு அது.

அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 125 கோடி கனடா டாலர். நம் பணத்தில் 7,500 கோடி ரூபாய்க்கும் மேல். அத்தனையும் அரசுப் பணம், அதாவது மக்களின் வரிப்பணம். எதற்காக இவ்வளவு செலவு? இதனால் லாபம் யாருக்கு? கொஞ்சம் பின்னால் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சதுப்பு நிலம் எப்படி தொழிற்பேட்டை ஆனது?

டொராண்டோ நகரம் ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரி என்றதும் நம்ம ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும். பார்க்க கடல் மாதிரிதான் இருக்கும்.

நகரத்தின் கிழக்குப் பக்கமாக டான் ஆறு வந்து அந்த ஏரியில் கலக்கும். கலக்கிற இடத்தில் ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்த ஒரு சதுப்பு நிலம் இருந்தது. ஆஷ்பிரிட்ஜஸ் பே என்று பெயர். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளை ஒட்டியிருந்த நன்னீர் சதுப்பு நிலங்களில் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. மீன் பிடிக்க, பறவை வேட்டையாட, குளிர்காலத்தில் உறைந்த தண்ணீரில் ஐஸ் வெட்ட என்று மக்கள் அதைப் பயன்படுத்தி வந்தார்கள்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் நகரம் பெருக ஆரம்பித்ததும், சாக்கடை, கால்நடைக் கழிவு, ஆலைக் கழிவு எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் நாறியது. காலரா வந்துவிடுமோ என்ற பயம் 1890-களில் ஊரையே ஆட்டியது. சதுப்பு நிலத்தை நாசம் பண்ணியது நகரத்தின் கழிவு. ஆனால் பழி விழுந்தது சதுப்பு நிலத்தின் மேல். 'இது நோய்க் கிடங்கு, மூடிவிடுங்கள்' என்ற குரல் வலுத்தது.

1911-ல் டொராண்டோ துறைமுக ஆணையம் அமைக்கப்பட்டது. அடுத்த வருடமே, 1912-ல், ஒரு பிரம்மாண்ட திட்டம் வெளியானது. ஏரியின் அடியில் இருக்கும் மணலை உறிஞ்சி எடுத்து சதுப்பு நிலத்தை மேடாக்குவது, அதில் தொழிற்சாலைகள் கட்டுவது, கப்பல் வர கால்வாய் வெட்டுவது. இதுதான் திட்டம். மணல் மட்டுமா போட்டார்கள்? கட்டட இடிபாடு, குப்பை என்று கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே போனது. இப்படி உருவான நிலம்தான் இன்று 'போர்ட் லேண்ட்ஸ்' என்று அழைக்கப்படும் சுமார் 800 ஏக்கர்.

ஆற்றை என்ன செய்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். வளைந்து நெளிந்து, சதுப்பில் பரவி, ஏரியில் கலந்துகொண்டிருந்த டான் ஆற்றை நேராக்கி, கடைசியில் ஒரு கான்கிரீட் கால்வாய்க்குள் திருப்பிவிட்டார்கள். அதற்கு கீட்டிங் கால்வாய் என்று பெயர். தெற்கு நோக்கி வரும் ஆறு, கிட்டத்தட்ட 90 டிகிரியில் சடாரென்று மேற்கே திரும்ப வேண்டும். வெள்ளம் வரும்போது எந்த ஆறும் அப்படித் திரும்பாது. நேராகத்தான் போகும், கரை ஏறித்தான் போகும்.

தொழிற்சாலைகள் வந்ததா?

வந்தன. முதல் உலகப் போரின்போது குண்டுகளுக்கு எஃகு வார்க்கும் ஆலை வந்தது. அப்புறம் எண்ணெய் டேங்குகள், நிலக்கரி, சிமெண்ட், உப்புக் குவியல்கள். 1950-களில் ஹெர்ன் மின் நிலையம் கட்டப்பட்டது. அதன் 215 மீட்டர் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. மின் நிலையம் மூடி நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

ஆனால் 1912-ல் கனவு கண்ட அளவுக்கு அந்த இடம் ஒருநாளும் நிரம்பவில்லை. 1959-ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டபோது, அட்லாண்டிக் கப்பல்கள் எல்லாம் டொராண்டோவுக்கே வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து கன்டெய்னர் யுகம் தொடங்கியது. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின, கடலோரத் துறைமுகங்களிலேயே சரக்கை இறக்கி ரயிலில் ஏற்றுவது லாபமாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. வரப்போகும் கப்பல்களுக்காக ஏரிக்குள் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு இடிபாடுகளைக் கொட்டி ஒரு கரை அமைத்தார்கள். கப்பல் வரவில்லை. பறவைகள் வந்துவிட்டன. கட்டடக் குப்பையில் தானாக மரம் முளைத்து, இன்று அது டாமி தாம்ப்சன் பூங்கா. நகரத்தின் முக்கியமான பறவை வாழிடங்களில் ஒன்று.

போர்ட் லேண்ட்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக காலி செய்ய, மண்ணுக்குள் எண்ணெயும் கன உலோகங்களும் மட்டும் மிச்சமிருந்தன. டான் ஆற்றின் நிலைமையும் அதேதான். 1969-ல் சூழலியல் ஆர்வலர்கள் அந்த ஆற்றுக்கு ஒரு போலி இறுதி ஊர்வலமே நடத்தினார்கள்.

டவுன்டவுனுக்குப் பக்கத்திலேயே 800 ஏக்கர்... ஏன் யாரும் வீடு கட்டவில்லை?

நியாயமான கேள்வி. டொராண்டோவில் வீட்டு விலை எங்கே இருக்கிறது என்று ஸ்கார்பரோவில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் யாரையாவது கேட்டாலே தெரியும். அப்படிப்பட்ட ஊரில், நகர மையத்திலிருந்து சில நிமிடத் தொலைவில் இவ்வளவு நிலம் சும்மா கிடந்தது என்றால் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

மண் மாசு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெள்ளம்.

1954 அக்டோபரில் ஹேசல் என்ற சூறாவளி டொராண்டோவைத் தாக்கியது. ஒன்டாரியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதிலிருந்து அந்தப் பகுதியில் ஒரு விதி: ஹேசல் அளவு மழை மறுபடி வந்தால் எந்த நிலம் மூழ்குமோ, அங்கே சாதாரணமாக கட்டட அனுமதி கிடையாது. 70 வருடம் கழித்தும் அந்த அளவுகோல்தான் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பேரழிவை மறக்காமல் சட்டமாக்கி வைத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதில்லை.

அந்தக் கணக்கில் பார்த்தால் போர்ட் லேண்ட்ஸின் பெரும்பகுதி மூழ்கும். காரணம் அந்த 90 டிகிரி திருப்பம். ஆகவே ஆற்றைச் சரிசெய்யாமல் நிலத்தைத் தொட முடியாது.

2013 ஜூலை 8-ம் தேதி இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்று ஊருக்கே புரிந்தது. விமான நிலையத்தில் பதிவான மழை 126 மில்லிமீட்டர். டான் பள்ளத்தாக்கில் சென்ற ஒரு புறநகர் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட, அதிலிருந்த சுமார் 1,400 பயணிகளை ரப்பர் படகில் போய் மீட்க வேண்டியிருந்தது.

ஜெயன்ட் வீலா, ஆறா?

திட்டம் போட்டதும் வேலை தொடங்கிவிட்டது என்று நினைத்தால் தப்பு. 1980-களின் கடைசியிலேயே 'டானைத் திரும்பக் கொண்டு வருவோம்' என்று பொதுமக்கள் குழு ஒன்று கிளம்பியது. நகரத்தின் முன்னாள் மேயர் டேவிட் க்ரோம்பி தலைமையிலான அரச ஆணையம், 1992-ல் கொடுத்த அறிக்கையில் ஏரிக்கரையையும் ஆறுகளையும் சேர்த்தே பார்க்கணும் என்று சொன்னது. 2008 ஒலிம்பிக்கை நடத்த டொராண்டோ போட்டியிட்டபோது ஏரிக்கரைக்கு மறுபடி மவுசு வந்தது. ஒலிம்பிக் பெய்ஜிங்குக்குப் போய்விட்டது. ஆனால் அந்த வேகத்தில் 2001-ல் மத்திய, மாகாண, நகர அரசுகள் மூன்றும் சேர்ந்து 'வாட்டர்ஃப்ரன்ட் டொராண்டோ' என்ற அமைப்பை உருவாக்கி, ஆளுக்கு 50 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தன.

2007-ல் சர்வதேச வடிவமைப்புப் போட்டி நடந்தது. ஜெயித்தது அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர் மைக்கேல் வான் வால்கன்பர்க்கின் நிறுவனம். மற்றவர்கள் கட்டடங்களை வைத்து யோசித்த இடத்தில், முதலில் ஆறு எப்படி ஓடும் என்று முடிவு பண்ணிவிட்டு அதைச் சுற்றி ஊரை வரைந்ததுதான் அவர்களின் பலம்.

நாலு வருஷம் கழித்து கதையில் ஒரு திருப்பம். 2011-ல் அப்போதைய மேயர் ராப் ஃபோர்டின் அண்ணனும் கவுன்சிலருமான டக் ஃபோர்டு, வேறொரு படத்தைக் காட்டினார். பிரம்மாண்ட ஷாப்பிங் மால், ராட்சத ஜெயன்ட் வீல், மோனோ ரயில். நிலத்தை சீக்கிரம் தனியாருக்குக் கொடுத்தால் பணம் வரும், வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பது வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். இந்த வாதம் உலகத்தில் எல்லா நகரத்திலும் வரும், பெரும்பாலும் ஜெயிக்கவும் செய்யும். டொராண்டோவில் ஜெயிக்கவில்லை. குடியிருப்போர், கட்டடக் கலைஞர்கள், பேராசிரியர்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் நகர மன்றம் ஒருமனதாக பழைய பாதைக்கே திரும்பியது. ஜெயன்ட் வீல் கனவு அத்தோடு முடிந்தது. (டக் ஃபோர்டின் அரசியல் முடியவில்லை. 2018 முதல் அவர்தான் ஒன்டாரியோ மாகாணத்தின் முதல்வர். ஆற்றுத் திட்டத்துக்குப் பணம் தரும் மூன்று அரசுகளில் ஒன்று அவருடையது!)

2017 ஜூனில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, மாகாண முதல்வர் கேத்லீன் வின், மேயர் ஜான் டோரி மூவரும் ஒரே மேடையில் நின்று அந்த 125 கோடி டாலரை அறிவித்தார்கள்.

ஆற்றை எப்படி 'செய்வது'?

இங்கேதான் பொறியியல். தண்ணீர் ஓடும்போது ஆறு வெட்ட முடியாது. அதனால் இரண்டு முனைகளிலும் மண் அடைப்பை விட்டுவிட்டு, நடுவில் காய்ந்த நிலத்தில் முழு ஆற்றையும் வெட்டினார்கள். வெளியே எடுத்த மண் மட்டும் 10 லட்சம் கன மீட்டருக்கும் மேல். அதில் பயன்படுத்தக்கூடியதை, வருங்காலத்தில் வீடுகள் வரப்போகும் நிலத்தை உயர்த்துவதற்கே போட்டார்கள். லாரி வைத்து வேறொரு ஊரின் தலையில் மொத்தத்தையும் கொட்டவில்லை.

பக்கத்து நிலத்தில் இருக்கும் எண்ணெய்க் கசடு ஆற்றுக்குள் கசியக் கூடாது. அதற்கு ஆற்றின் ஓரங்களில் அடிப்பாறை வரை கான்கிரீட் தூண்களை ஒன்றோடொன்று ஒட்டி இறக்கி நிலத்தடிச் சுவர் எழுப்பினார்கள். ஆற்றின் அடியில் மணல், கரி, தண்ணீர் பட்டால் உப்பி இறுகும் பென்டோனைட் களிமண் பாய் என்று அடுக்கடுக்காகப் போட்டு, அதற்கு மேல்தான் கல்லும் மரக்கட்டைகளும் செடிகளும். மேலே இருந்து பார்த்தால் இயற்கை ஆறு. கீழே பார்த்தால் பக்காவாக சீல் பண்ணிய தொட்டி. 'இயற்கையை மீட்டுவிட்டோம்' என்று விளம்பரம் செய்யும்போது இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

வெள்ளம் வந்தால் தண்ணீருக்கு இப்போது மூன்று வழி. பழைய கீட்டிங் கால்வாய் ஒன்று. தெற்கே வளைந்து போகும் புது ஆறு இரண்டு. அதுவும் போதவில்லை என்றால், வழிந்து கப்பல் கால்வாய்க்குப் போகிற தாழ்வான பசுமை நிலம் மூன்று. சாதாரண நாளில் அது நடைபாதையும் புல்வெளியும். மேலே மேற்குக் கரையில் இருக்கும் கார்க்டவுன் காமன் பூங்காவும் இதே ரகம்தான். மக்கள் உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் புல்மேடு, உண்மையில் நகர மையத்தைக் காக்கும் வெள்ளத் தடுப்புக் கரை.

பாலங்களுக்கும் ஒரு கதை இருக்கு. வெள்ளை வெளிப்புறத்தோடு இருக்கும் அந்த இரும்புப் பாலங்கள் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் செய்யப்பட்டு, மிதவைக் கப்பலில் கடலையும் செயின்ட் லாரன்ஸ் நதியையும் கடந்து டொராண்டோவுக்கு வந்தன. பெரிய கப்பல்களுக்காகத் தோண்டிய கடல்வழி, கடைசியில் துறைமுகத்தை ஊராக மாற்றும் பாலங்களைச் சுமந்து வந்திருக்கிறது.

நூறு வருஷம் தூங்கிய விதைகள்

2021-ல் நடந்த ஒரு விஷயம் இந்தத் திட்டத்தையே உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது. தோண்டிய பள்ளத்தில் யாரும் நடாத சில செடிகள் முளைத்திருப்பதை வேலை பார்த்தவர்கள் கவனித்தார்கள். தொழிற்சாலை மண்ணில் வரும் களைச்செடி மாதிரி அது இல்லை. பார்த்தால், கோரையும் சம்பும். சதுப்பு நிலத்துச் செடிகள்.

ஆஷ்பிரிட்ஜஸ் பே மூடப்பட்டபோது அடியில் போன விதைகள், மேலே ஆலையும் டேங்குமாக ஒரு நூற்றாண்டு ஓடிய பிறகு, வெயிலும் தண்ணீரும் பட்டதும் முளைத்துவிட்டன. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மண்ணை எடுத்துப்போய்ப் பார்த்தபோது மேலும் விதைகள் முளைத்தன, நீர்த்தெள்ளு, புழு போன்ற சின்னச் சின்ன உயிர்களும் கிடைத்தன. ஆற்றின் அடியில் பாய் விரித்து சீல் வைத்த அதே இடத்தில், பழைய சதுப்பு நிலத்தின் விதைக் கிடங்கு உயிரோடு இருந்திருக்கிறது. அந்தச் செடிகளில் சிலவற்றைப் பாதுகாத்து புதிய ஆற்றங்கரைக்கே கொண்டுவரும் முயற்சியும் நடந்தது.

2024 தொடக்கத்தில் மண் அடைப்புகள் அகற்றப்பட்டு, ஆறும் ஏரியும் கலந்தன. நடுவில் ஒரு தீவு உருவானது. முதலில் வில்லியர்ஸ் தீவு என்றிருந்த பெயர், பூர்வகுடி மக்களின் ஆலோசனையோடு 'ஊக்வெமின் மினிசிங்' என்று மாற்றப்பட்டது. கருஞ்செர்ரி மரங்கள் இருக்கும் இடம் என்று பொருள். பெயர் வைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் டொராண்டோ நிலத்தை 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வாங்கிய விதம் குறித்து மிசிசாகா மக்கள் தொடுத்த கோரிக்கைக்கு 14.5 கோடி டாலர் இழப்பீடு கிடைக்க 2010 வரை ஆனது என்பதையும் நினைவில் வைக்கணும்.

சரி, இனி வெள்ளமே வராதா?

அப்படிச் சொல்ல முடியாது. 2024 ஜூலை 16-ம் தேதி டொராண்டோவில் சில மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவான மழை கொட்டியது. டான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை மறுபடி மூழ்கியது. 'இவ்வளவு செலவு பண்ணியும் ரோடு முழுகுதே' என்று பலர் கேட்டார்கள்.

அந்த நெடுஞ்சாலை ஆற்றின் மேல்பகுதியில், ஆறு பரவ வேண்டிய பள்ளத்திலேயே 1960-களில் போடப்பட்டது. புதிய ஆற்று முகத்துவாரம் அதைக் காப்பாற்றுவதற்காகக் கட்டப்பட்டது இல்லை. அது காப்பது கீழே இருக்கும் போர்ட் லேண்ட்ஸையும் சுற்றுப்புறத்தையும், மொத்தம் 200 ஹெக்டேருக்கும் மேல். இந்த வித்தியாசத்தை மக்களிடம் அதிகாரிகள் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

லாபம் யாருக்கு?

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அனுமதி கிடைக்காத நிலத்துக்கு சந்தையில் பெரிய விலை கிடையாது. மக்கள் பணத்தில் ஆறு வெட்டி, மாசை அடைத்து, ரோடும் பாலமும் பூங்காவும் போட்டபிறகு அதே நிலத்தின் விலை எங்கோ போய்விடும். அந்த ஏற்றம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

டொராண்டோவுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. போர்ட் லேண்ட்ஸின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். ஆகவே 'இத்தனை சதவீதம் குறைந்த வாடகை வீடு கட்டினால்தான் நிலம்' என்று நிபந்தனை போட முடியும். தீவில் சுமார் 9,000 வீடுகள் வரும் என்றும், அதில் 30 சதவீதம் கட்டுப்படியாகும் வாடகையில் இருக்க வேண்டும் என்றும் இலக்கு வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஏரிக்கரையின் அடுத்த கட்ட வேலைகளுக்கு மூன்று அரசுகளும் சேர்ந்து 97.5 கோடி டாலர் அறிவித்தன.

இலக்கு வைப்பது ஈஸி. ஆனால் கட்டுமானச் செலவும் வட்டியும் ஏறும்போது முதலில் வெட்டு விழுவது இந்த 30 சதவீதத்துக்குத்தான் என்பதைப் பல நகரங்களில் பார்த்தாயிற்று.

நிலத்தைப் பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக நம்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 அக்டோபரில், ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே குவேசைடு என்ற 12 ஏக்கர் நிலத்தில் 'ஸ்மார்ட்' குடியிருப்பு கட்டும் வாய்ப்பு கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸுக்குக் கிடைத்தது. எங்கு பார்த்தாலும் சென்சார், தானியங்கி வாகனம் என்று ஆசை காட்டினார்கள். சேகரிக்கும் தகவல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு மட்டும் திருப்தியான பதில் இல்லை. ஆலோசகராக இருந்த ஒன்டாரியோவின் முன்னாள் தனியுரிமை ஆணையர் ஆன் கவுக்கியன் 2018-ல் விலகினார். 2019-ல் வந்த திட்ட அறிக்கையில், 12 ஏக்கர் 190 ஏக்கராக விரிந்திருந்தது. எதிர்ப்பு வலுத்தது. 2020 மே மாதம், கொரோனா காலப் பொருளாதார நிச்சயமின்மையைக் காரணம் சொல்லி நிறுவனம் வெளியேறியது. இப்போது அந்த இடத்தில் வேறு நிறுவனங்களோடு, 800-க்கும் மேற்பட்ட கட்டுப்படியாகும் வீடுகளைச் சேர்த்து புதிய திட்டம் நகர்கிறது.

இன்னும் பாக்கி இருப்பது என்ன?

முதல் பாக்கி, போக்குவரத்து. 15,000 பேர் வரை குடியேறப் போகும் தீவுக்கு இலகு ரயில் பாதை வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்கிறார்கள். வரைபடத்தில் கோடு இருக்கிறது, பணம் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறது. ரயில் வருவதற்கு முன் மக்கள் வந்துவிட்டால் கார் வாங்குவார்கள். கார் வந்தால் பார்க்கிங் கேட்பார்கள். அப்புறம் எவ்வளவு அழகாக ஆறு ஓடினாலும் அது இன்னொரு கார் ஊர்தான். என் பார்வையில், ஆற்றுக்கு முன்கூட்டியே செலவு பண்ணிய அரசுகள் ரயிலுக்கு மட்டும் தயங்குவது புரியாத கணக்கு.

இரண்டாவது, தண்ணீர். டொராண்டோவின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழை பெய்தால் அந்தக் குழாய் நிரம்பி, டான் ஆற்றில் வழியும். முகத்துவாரம் புதுசு, மேலிருந்து வரும் தண்ணீர் பழசு. இதற்காக 2018 முதல் மொத்தம் 22 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிச் சுரங்கங்கள் அமைக்கும் வேலை தனியாக நடந்துகொண்டிருக்கிறது. முழுதாக முடிய இன்னும் பல வருடங்கள் ஆகும்.

தீவில் முதல் குடும்பங்கள் 2030-களின் தொடக்கத்தில் குடியேறும் என்று எதிர்பார்க்கிறார்கள். பூங்காவுக்கு இப்போதே போகலாம், கட்டணம் கிடையாது. டொராண்டோவில் இருப்பவர்கள் குழந்தைகளைக் கூட்டிப் போய் ஆந்தைக்குள் ஏறி விளையாடவிடலாம், படகும் ஓட்டலாம். பெருமழை பெய்த அடுத்த ஓரிரு நாள் மட்டும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.